பிஸ்டன் போன மினி கூப்பர் எஸ் ஆர்53: சூப்பர்சார்ஜர் என்ஜின்ல கோளாறு கண்டுபிடிச்சு திரும்ப கட்டுறதுக்கு முழு வழிகாட்டி

இது 2002ல இருந்து 2006 வரைக்கும் வந்த ஆர்53 கூப்பர் எஸ் வண்டிக்கானது. 1.6 லிட்டர் ட்ரைடெக் என்ஜின், இரும்பு பிளாக், அலுமினியம் ஹெட், முன்னாடி பக்கம் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் (என்ஜினுக்குள்ள காத்த அழுத்தி தள்றது), மேல இன்டர்கூலர் (அந்த காத்த ஆற வைக்கிறது). வேற சூப்பர்சார்ஜர் வண்டி வெச்சிருந்தாலும் படிங்க, வேலையோட வரிசை பெருசா மாறாது.

புதுசா இறங்குறவங்க பண்றத பாத்தா எனக்கு கவலையா இருக்கிறது ஒரே விஷயம்தான். பிஸ்டன் உடைஞ்சிருச்சுன்னு தெரிஞ்ச உடனே ஃபோர்ஜ்டு பிஸ்டன் ஆர்டர் போட்டுடறாங்க, பழைய பிஸ்டன் ஏன் போச்சுன்னு யாரும் கேக்கறதில்ல. காரணம் வண்டியிலயே இருக்கறப்ப எவ்வளவு நல்ல பிஸ்டன் போட்டாலும் அதுவும் போகும், கொஞ்சம் லேட்டா போகும் அவ்வளவுதான். அதனால இதுல பாதி இடம் கட்டுறதுக்கு முன்னாடி பண்ற வேலைக்குத்தான்.

1. தொடங்குறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

அந்த என்ஜினோட வொர்க்ஷாப் மேனுவல் முதல்ல. டார்க் அளவு, போல்ட் இறுக்குற வரிசை, தேய்மான லிமிட் எல்லாம் அதுல இருந்துதான் எடுக்கணும், யாரோ சொன்ன நம்பர நம்பி ஹெட் போல்ட் இறுக்காதீங்க.

கருவின்னு பாத்தா கம்ப்ரஷன் கேஜ், லீக்டவுன் டெஸ்டர், போர்ஸ்கோப் கேமரா, டார்க் ரெஞ்ச், ஆங்கிள் கேஜ், ஃபீலர் கேஜ், மைக்ரோமீட்டர், போர் கேஜ், பிளாஸ்டிகேஜ், ரிங் கம்ப்ரஸர், க்ராங்க் புல்லி புல்லர், என்ஜின் ஹாய்ஸ்ட், ஸ்டாண்ட். போர் கேஜ் வாங்க முடியலன்னா மெஷின் ஷாப்ல அளந்து எழுதி வாங்கிக்கலாம். லீக்டவுன் டெஸ்டர மட்டும் விட்றாதீங்க, விலை கம்மி, அது சொல்ற தகவல் ரொம்ப அதிகம்.

அப்புறம் நிறைய ஜிப் பை, ஒரு மார்க்கர், போன்ல இடம். ஒவ்வொரு போல்ட்டும் எந்த இடத்துலன்னு பையில எழுதி போடுங்க. ஆர்53ல முன்பக்கம் முழுக்க முன்னாடி இழுத்து வெச்சாதான் வேலையே ஆரம்பிக்கும், அதுலயே நீளம் மாறி மாறி நிறைய போல்ட் வரும்.

2. கழட்டாம கண்டுபிடிக்கிறது

அறிகுறி பொதுவா இப்படி வரும்: ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கும், வண்டி கம்ப்யூட்டர்ல பி0301ல இருந்து பி0304க்குள்ள ஒரு கோளாறு எண் விழும், ஆக்ஸிலரேட்டர் குடுத்தா நீல புகை, ஆயில் மூடிய திறந்தா புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து தள்ளும், சில சமயம் டிப்ஸ்டிக்கே மேல தூக்கிட்டு நிக்கும். இது எல்லாம் சேர்ந்து வந்தா சந்தேகம் பிஸ்டன் மேலயோ ரிங் மேலயோ போகும், ஆனா சந்தேகத்த வெச்சு என்ஜின இறக்கக்கூடாது.

முதல்ல நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி சிலிண்டர் வரிசைப்படி வையுங்க. வெள்ளை பீங்கான் மேல மிளகுத்தூள் தூவின மாதிரி கருப்பு புள்ளியோ சின்ன சின்ன அலுமினிய மணியோ இருந்தா அந்த சிலிண்டர்ல நாக்கிங் (பெட்ரோல் கலவை சீரா எரியாம தானா வெடிக்கிறது) நடந்திருக்கு, பிஸ்டன்ல இருந்து உலோகம் உரிஞ்சு வந்து பிளக்ல ஒட்டியிருக்குன்னு அர்த்தம். பிளக்க துடைக்காம போட்டோ எடுத்து வெச்சிடுங்க.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காத்த எவ்வளவு அழுத்துதுன்னு அளக்கிறது. என்ஜின் ஓடுற நிலையில இருந்தா சூடு பண்ணிட்டு, நாலு பிளக்கும் வெளிய, ஃபியூயல் பம்ப் ஃபியூஸ் வெளிய, இக்னிஷன் காயில் கனெக்டர் வெளிய, பேட்டரிக்கு சார்ஜர் மாட்டி, திராட்டில் முழுசா திறந்து வெச்சு சுத்தணும். இந்த வண்டியில திராட்டில் எலக்ட்ரானிக், கேபிள் கிடையாது. பெடல மிதிச்சா தகடு நெஜமாவே திறக்குதான்னு ஒரு ஆள் குனிஞ்சு பாக்கணும். திறக்காம டெஸ்ட் பண்ணிட்டு நாலு சிலிண்டரும் கம்மின்னு பதறுறவங்க இருக்காங்க, காத்தே உள்ள போகலன்னா கேஜ் என்ன காட்டும்?

இந்த என்ஜினோட கம்ப்ரஷன் விகிதமே 8.3:1தான், சூப்பர்சார்ஜர் இருக்கறதால கம்மியா வெச்சிருக்காங்க, அதனால சாதாரண என்ஜின் நம்பரோட ஒப்பிட்டு பயப்படாதீங்க. நாலுக்குள்ள வித்தியாசம்தான் முக்கியம். ஒண்ணு மட்டும் மத்ததுல முக்கால் பங்குக்கும் கீழ இருந்தா அங்க ஏதோ போயிருக்கு. அந்த சிலிண்டர்ல ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு திரும்ப பாருங்க: நல்லா ஏறுச்சுன்னா ரிங் பக்கம், ஏறலன்னா வால்வோ கேஸ்கெட்டோ. ரிங் லேண்ட் (பிஸ்டன்ல ரிங்குக்கு நடுவுல இருக்கிற பட்டை) பெருசா உடைஞ்சிருந்தா ஆயில் விட்டாலும் ஏறாது, அதனால இந்த டெஸ்ட்ட மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க.

முடிவ சொல்றது லீக்டவுன், அதாவது சிலிண்டருக்குள்ள காத்து அடிச்சு எவ்வளவு கசியுதுன்னு பாக்கிறது. சிலிண்டர டாப் டெட் சென்டருக்கு (வால்வு எல்லாம் மூடி பிஸ்டன் உச்சியில நிக்கிற நிலை) கொண்டு வந்து, கியர்ல போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துட்டு காத்து அடிங்க. 10 சதவீதத்துக்குள்ள கசிஞ்சா நல்லது, 30 தாண்டினா பிரச்சனை. எவ்வளவு கசியுதுங்கறத விட எங்க கசியுதுங்கறதுதான் விஷயம். ஆயில் மூடியில சத்தம் வந்தா பிஸ்டனோ ரிங்கோ, சைலன்சர்ல வந்தா எக்ஸாஸ்ட் வால்வு, எக்ஸ்பான்ஷன் டேங்க்ல குமிழி வந்தா ஹெட் கேஸ்கெட். இன்டேக் வால்வு கசிவு மட்டும் இந்த வண்டியில ஏமாத்தும், ஏன்னா நடுவுல இன்டர்கூலரும் சூப்பர்சார்ஜரும் உக்காந்து சத்தத்த அடக்கிடும். இன்டர்கூலர மேல இருந்து எடுத்துட்டு மேனிஃபோல்டு வாயில காது வெச்சு கேளுங்க.

கடைசியா கேமராவ பிளக் ஓட்டை வழியா விட்டு பிஸ்டன் தலை ஓரத்தையும், பிஸ்டன கீழ இறக்கி சிலிண்டர் சுவரையும் பாருங்க. நகத்துல தட்டுற அளவு நேர் கோடு தெரிஞ்சா ரீபோர் (சிலிண்டர கொஞ்சம் பெருசா கடையறது) உறுதி.

3. கழட்டும்போது வரிசை ஏன் முக்கியம்

என்ஜின முழுசா வெளிய எடுத்துடுங்கன்னுதான் நான் சொல்லுவேன். வண்டியிலயே வெச்சு ஹெட்டையும் சம்பையும் கழட்டி ஒரே ஒரு பிஸ்டன மாத்துறவங்க உண்டு, ஆனா உடைஞ்ச பிஸ்டனோட துகள் ஆயில் வழியெல்லாம் போயிருக்கும், அத வண்டியில வெச்சு கழுவ முடியாது.

ஆயில சுத்தமான தட்டுல வடிங்க, காந்தம் விட்டு பாருங்க. ஒட்டுச்சுன்னா இரும்பு, அதாவது ரிங், சிலிண்டர், க்ராங்க் பக்கம். ஒட்டாம மின்னுச்சுன்னா பிஸ்டனோ பேரிங்கோ. ஆயில் ஃபில்டர வெட்டி மடிப்ப விரிச்சு பாருங்க, தூக்கி போட்டுடாதீங்க.

சூப்பர்சார்ஜர கழட்டுறப்ப பின்னாடி பக்கம் வாட்டர் பம்ப பாருங்க. இந்த வண்டியில வாட்டர் பம்ப்ப சுத்துறது பெல்ட் இல்ல, சூப்பர்சார்ஜரோட பின்பக்க கியர்தான். அந்த கியருக்கு தனி ஆயில் அறை, மேயின்டனன்ஸ் லிஸ்ட்ல அது இல்லாததால யாரும் தொடறதில்ல, வருஷக்கணக்குல ஆயில் காஞ்சு பல் தேஞ்சு ஒரு நாள் பம்ப் சுத்தறது நின்னுடும். வெளிய இருந்து பாத்தா பெல்ட் நல்லா ஓடும், உள்ள தண்ணி ஓடாது, என்ஜின் கொதிச்சு பிஸ்டன் சுவர்ல பிடிச்சுக்கும். பம்ப் ஷாஃப்ட்ட கையில பிடிச்சுட்டு புல்லிய சுத்துங்க, வழுக்குச்சுன்னா உங்க காரணம் இங்கயே கிடைச்சிருச்சு.

டைமிங் செயின கழட்டறதுக்கு முன்னாடி மார்க்க சேத்து போட்டோ எடுங்க. ஹெட் போல்ட்ட என்ஜின் நல்லா ஆறினப்புறம்தான் தொடணும், இறுக்குற வரிசைக்கு தலைகீழா, வெளிய இருந்து உள்ள, கொஞ்சம் கொஞ்சமா. சூட்டுல ஒரே பக்கமா கழட்டினா அலுமினியம் ஹெட் வளையும்.

கன்ராடு (பிஸ்டனையும் க்ராங்கையும் இணைக்கிற தண்டு) கேப்ப கழட்டறதுக்கு முன்னாடி ராடுலயும் கேப்லயும் நம்பர் போடுங்க, எந்தப் பக்கம் பாத்திருக்குன்னும் குறிங்க. ஒண்ணோட கேப்ப இன்னொண்ணுல போட்டா வட்டமே மாறிடும். சிலிண்டர் மேல் ஓரத்துல கரி வளையம் இருந்தா முதல்ல அத சுரண்டி எடுத்துட்டு பிஸ்டன மேல தள்ளுங்க, இல்லன்னா நல்லா இருக்கிற ரிங் லேண்டும் போகும், அப்புறம் எது பழைய உடைசல் எது புது உடைசல்னு தெரியாது.

4. செத்த பிஸ்டன படிக்கிறது

இந்த இடத்துல அவசரப்படாதீங்க. நாலு பிஸ்டனையும் கழுவாம மேசையில வரிசையா வையுங்க, மேல் பேரிங் ஷெல்லையும் கூடவே.

ரிங்குக்கு நடுவுல இருக்கிற லேண்ட் துண்டா உடைஞ்சு, தலை ஓரம் மணல் அடிச்சாப்புல பொரிஞ்சிருந்தா அது நாக்கிங். கூடவே அந்த ராடோட மேல் பேரிங் ஷெல் நடுவுல அடி வாங்கி பளபளன்னு இருக்கும். தலை நடுவுல உருகி ஓட்டை விழுந்திருந்தா ப்ரீ இக்னிஷன், அதாவது ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே ஏதோ சூடான இடம் பத்த வெச்சிருக்கு: தப்பான சூட்டு ரேஞ்ச் பிளக், கனல் பிடிச்ச கரி இதெல்லாம். லேண்ட் உடைஞ்சு, மேல் ரிங்கோட ரெண்டு முனையும் தேஞ்சு பளபளப்பா இருந்தா ரிங் கேப் பத்தாம முட்டியிருக்கு. ஸ்கர்ட்ல நாலு மூலையிலயும் உராஞ்சிருந்தா பெரும்பாலும் அதிக சூடு, ஒரு பக்கம் முழுக்க அகலமா உராஞ்சிருந்தா ஆயில் போகல.

அடுத்த கேள்வி, எத்தனை சிலிண்டர்ல? ஒண்ணுல மட்டும்னா அந்த சிலிண்டருக்கு மட்டும் சொந்தமான விஷயத்த தேடுங்க, இன்ஜெக்டர் அடைப்பு, பிளக், அந்த இன்டேக் ரன்னர்ல காத்து கசிவு. நாலுலயும் ஒரே அடையாளம் லேசாவாவது இருந்தா பொது காரணம்: பெட்ரோல் பம்ப், மோசமான பெட்ரோல், ட்யூன் (என்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்), இல்ல சூப்பர்சார்ஜர் புல்லி.

புல்லிய தனியா சொல்லணும், ஏன்னா இந்த வண்டியில எல்லாரும் முதல்ல கை வைக்கிறது அதுலதான். 15 சதவீதம் சின்ன புல்லி போட்டா சூப்பர்சார்ஜர் வேகம் 15 சதவீதம் ஏறாது, கிட்டத்தட்ட 17.6 சதவீதம் ஏறும், 1ஐ 0.85ஆல வகுத்து பாருங்க. காத்தும் கூடும், காத்தோட சூடும் கூடும். இன்ஜெக்டரும் ட்யூனும் பழசாவே இருந்தா மேல் ஆர்பிஎம்ல பெட்ரோல் பத்தாம போகும். வண்டிய ரெண்டாவது கையா வாங்கினவங்க புல்லிய அளந்து பாக்கணும், முன்னாடி வெச்சிருந்தவர் மாத்தினத சொல்லியிருக்க மாட்டார்.

காரணத்த ஒரு பேப்பர்ல எழுத முடிஞ்சாதான் அடுத்த ஸ்டெப்புக்கு போங்க.

5. துகள் எங்கெல்லாம் போச்சு

சம்ப், ஆயில் பிக்கப் சல்லடை, ஆயில் பம்ப், ஆயில் கூலர், பிளாக்குள்ள இருக்கிற ஆயில் ஓட்டை எல்லாம். ஆயில் கேலரியோட பிளக்க கழட்டி நீள பிரஷ் விட்டு தேய்க்கணும், வெறும் காத்து அடிச்சா மூலையில இருக்கிறது மூலையிலயே இருக்கும். ஆயில் பம்ப் உள்ள கோடு விழுந்திருந்தா மாத்திடுங்க. ஆயில் கூலரோட உள்பக்கம் சுத்தமாயிடுச்சான்னு பாக்க வழியே இல்ல, அதனால அது புதுசு. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வாயையும் பாருங்க, துண்டு அங்க உக்காந்து அடைச்சிருக்கலாம். இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளயும் துண்டு திரும்பி போகும், அங்க இருந்து நல்லா இருக்கிற இன்னொரு சிலிண்டருக்கு போகும், அதனால மேனிஃபோல்ட தலைகீழா தட்டி கழுவுங்க.

இப்ப நிறைய பேர் விடுற இடம். ரிங் போனப்ப க்ராங்க்கேஸ்ல அழுத்தம் ஏறி ஆயில் ஆவி ப்ரீதர் குழாய் வழியா இன்டேக்குக்கு வந்திருக்கும், அங்க இருந்து சூப்பர்சார்ஜர் வழியா போய் இன்டர்கூலர் முழுக்க ஆயிலா நிக்கும். புது என்ஜின கட்டி அந்த இன்டர்கூலர அப்படியே மாட்டினா, முதல் தடவை முழு திராட்டில் குடுக்கும்போது அந்த ஆயில் சிலிண்டருக்குள்ள போகும். ஆயில் கலந்த பெட்ரோலுக்கு நாக்கிங்க தாங்குற சக்தி குறையும். அதாவது பழைய கோளாறு மிச்சம் வெச்சுட்டு போன ஆயில் புது பிஸ்டன கொல்லும். இன்டர்கூலர சால்வென்ட் ஊத்தி ஊற வெச்சு, திரும்ப திரும்ப அலசி, முழுசா காய வெச்சுதான் மாட்டணும்.

6. மெஷின் ஷாப்: பிஸ்டன் கையில வந்தப்புறம்தான்

ஸ்டாண்டர்டு போர், அதாவது சிலிண்டர் குறுக்களவு, 77 மில்லிமீட்டர். முதல்ல மேல, நடுவுல, கீழன்னு மூணு உயரத்துல, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு திசையில அளந்து எவ்வளவு எடுக்கணும்னு முடிவு பண்ணுங்க, அந்த சைஸ் பிஸ்டன வாங்குங்க, பிஸ்டன எடுத்துட்டு போய் ஷாப்ல குடுங்க. பிஸ்டன் வர்றதுக்கு முன்னாடியே ரீபோர் பண்ணி வெக்கிறது தப்பான வரிசை. ஒவ்வொரு பிஸ்டனுக்கும் சுவர் இடைவெளி வேற. 2618 அலாய் ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டுல அதிகமா விரியும், அதுக்கு இடைவெளி அதிகம் வேணும், ஆறின என்ஜின்ல லேசா தட்டுற சத்தம் கூட வரும். 4032ல சிலிகான் அதிகம், விரிவு கம்மி, இடைவெளியும் கம்மி. தினம் ஓட்டுற, ஸ்டாக் பூஸ்ட்டுக்கு (கம்பெனி வெச்ச சூப்பர்சார்ஜர் காத்து அழுத்தம்) பக்கத்துல இருக்கிற வண்டிக்கு 4032 போதும்னு நான் நெனக்கிறேன்.

ஹோனிங் (சிலிண்டர் சுவர கல்லால தேச்சு சீராக்கறது) பண்றப்ப டார்க் பிளேட் (ஹெட்டுக்கு பதிலா போல்ட் போட்டு இறுக்குற தடிமனான தகடு) மாட்டி பண்ணுவாங்களான்னு கேளுங்க. ஹெட் போல்ட் இறுக்கினா சிலிண்டர் லேசா உருமாறும், அந்த நிலையிலயே ஹோன் பண்ணினாதான் ஓடும்போது வட்டமா இருக்கும். ஹெட் தளம், பிளாக் தளம், க்ராங்க் ஜர்னல், ராடு நேரா இருக்கான்னு எல்லாம் அங்கயே பாத்து வாங்கிடுங்க. கேஸ்கெட் உலோக அடுக்கு வகைன்னா தளம் வழவழப்பா இருக்கணும்னு சொல்லுங்க.

பிளாக் திரும்பி வந்ததும் சோப்பும் சுடுதண்ணியும் போட்டு பிரஷ்ல தேய்ங்க. பெட்ரோல், தின்னர் பத்தாது, ஹோனிங் கல்லோட தூள் சுவர் கோட்டுக்குள்ளயே நிக்கும். காய வெச்சு, வெள்ளை துணியில ஆயில் நனைச்சு சிலிண்டர துடைங்க, துணி சாம்பல் நிறமா வந்தா வேலை இன்னும் முடியல. முடிஞ்ச உடனே ஆயில் பூசுங்க, இரும்பு கொஞ்ச நேரத்துல துரு பிடிக்கும்.

7. ரிங் கேப்

பாக்கெட்ட பிரிச்சு ரிங்க அப்படியே மாட்டாதீங்க. ஒவ்வொரு ரிங்கையும் அதோட சிலிண்டருக்குள்ள விட்டு, பிஸ்டனால தள்ளி நேரா உக்கார வெச்சு ஃபீலர் கேஜ்ல அளக்கணும். பூஸ்ட் உள்ள என்ஜின்ல மேல் ரிங் அதிக சூடாகும், நீளும், முனை ரெண்டும் முட்டினா போக வேற வழி இல்லாம லேண்ட தூக்கி உடைக்கும். மிதமான பூஸ்ட்டுக்கு பொதுவா போர் அளவ 0.005ல இருந்து 0.006ஆல பெருக்குவாங்க, 77 மில்லிமீட்டருக்கு 0.39ல இருந்து 0.46 வரைக்கும் வரும். பிஸ்டன் கம்பெனி குடுத்த தாள் வேற சொன்னா அதுதான் சட்டம். ரெண்டாவது ரிங் கேப் மேல் ரிங்க விட கொஞ்சம் அதிகமா இருக்கட்டும், நடுவுல மாட்டுற அழுத்தம் வெளிய போகணும்.

ஒரு முனைய மட்டும் ராவுங்க, வெளி முகத்துல இருந்து உள்ள நோக்கி. கேப் கொஞ்சம் அதிகமானா கொஞ்சம் கசியும், கம்மியானா பிஸ்டன் போகும், சந்தேகம் வந்தா எந்தப் பக்கம் தவறணும்னு தெரியுதுல்ல.

8. கீழ்ப்பாதி கட்டுறது

பேரிங் ஷெல்லுக்கு பின்பக்கம் காஞ்சு சுத்தமா இருக்கணும், ஆயில் முன்பக்கம் மட்டும். பிளாஸ்டிகேஜ் (நசுங்கற அகலத்த வெச்சு இடைவெளி சொல்ற மெல்லிய பிளாஸ்டிக் நூல்) வெச்சு கேப்ப முழு டார்க்குக்கு இறுக்கி கழட்டி அகலம் பாருங்க, நடுவுல க்ராங்க சுத்தினா அந்த அளவு செல்லாது.

ராடு போல்ட், ஹெட் போல்ட் ரெண்டும் புதுசு. இழுபட்டு பிடிக்கிற வகை போல்ட் ஒரு தடவைதான் சரியா இழுபடும். ரிங் வாய் ஒண்ணுக்கு மேல ஒண்ணு வராம பிரிச்சு வையுங்க, ரிங்ல புள்ளி இருக்கிற பக்கம் மேல. கம்ப்ரஸர்ல பிடிச்சு சுத்தியல் கட்டைப்பிடியால மெதுவா தள்ளுங்க, நின்னுடுச்சுன்னா அடிக்காதீங்க, ரிங் வெளிய எட்டிப் பாத்திருக்கும், எடுத்துட்டு மறுபடி போடுங்க.

ஒவ்வொரு பிஸ்டன் போட்டதும் க்ராங்க கையால ஒரு சுத்து சுத்துங்க. நாலும் போட்டப்புறம் இறுக்கமா இருக்குன்னா எதுன்னு தேடணும், ஒவ்வொண்ணா பாத்தா எதுன்னு உடனே தெரியும்.

9. ஹெட், டைமிங்

வால்வு வளைஞ்சிருக்கான்னு பாக்க போர்ட்டுக்குள்ள பெட்ரோல் ஊத்தி அறை பக்கம் கசியுதான்னு பாருங்க. பிளாக்ல ஹெட் போல்ட் ஓட்டைய காத்து அடிச்சு முழுசா காய வையுங்க. அடியில ஆயிலோ தண்ணியோ நின்னா போல்ட் இறங்கும்போது அது நசுங்க இடமில்லாம பிளாக்கையே பிளக்கும், டார்க்கும் பொய் சொல்லும்.

செயின் போட்டதும் ஸ்டார்ட்டர் தொடறதுக்கு முன்னாடி க்ராங்க கையால முழுசா ரெண்டு சுத்து சுத்தி மார்க் திரும்ப சேருதான்னு பாருங்க. எங்கயாவது முட்டினா அழுத்தாதீங்க.

10. காரணத்த வண்டியில இருந்து எடுக்கிறது

இன்ஜெக்டர் நாலையும் கழுவி ஃப்ளோ டெஸ்ட்டுக்கு அனுப்புங்க, நாலும் ஒரே அளவு தருதுன்னு தாள் வாங்குங்க. சூப்பர்சார்ஜர்ல முன்பக்கம் பின்பக்கம் ரெண்டு அறைக்கும் சூப்பர்சார்ஜர் ஆயில் புதுசா விடுங்க, என்ஜின் ஆயில் இல்ல. பைபாஸ் வால்வு (லேசான பெடல்ல பூஸ்ட் வராம திறந்து விடுறது) டயாஃப்ரம்ல வேக்குவம் பிடிச்சு நிக்குதா பாருங்க. க்ராங்க் புல்லியில நடு ரப்பர் விரிஞ்சிருந்தா, வெளி வளையம் லேசா ஆடினாலும், அது வேண்டாம். எக்ஸ்பான்ஷன் டேங்க் பிளாஸ்டிக், ஒட்டுல வெடிக்கும், பழசுன்னா மாத்திடுங்க.

சின்ன புல்லி இருந்தா ஸ்டாக் புல்லிக்கு திரும்புங்க, குறைஞ்சது என்ஜின் பழகுற வரைக்கும். அப்புறம் வேணும்னா ஒரு ஸ்டெப் குளிர்ந்த பிளக், பத்துற அளவு இன்ஜெக்டர், அந்த வண்டிக்குன்னு பண்ண ட்யூன், இது மூணோட சேத்து போடுங்க.

11. முதல் ஸ்டார்ட், பழக்குறது

பிளக் இல்லாம, பெட்ரோல் கட் பண்ணி, ஆயில் பிரஷர் வர்ற வரைக்கும் ஸ்டார்ட்டர்ல விட்டு விட்டு சுத்துங்க. டாஷ்போர்டு லைட்ட மட்டும் நம்பாம ஒரு மெக்கானிக்கல் கேஜ் தற்காலிகமா மாட்டிக்கங்க.

ஸ்டார்ட் ஆனதும் ஐடில்ல விட்டுட்டு நிக்காதீங்க. 2000 ஆர்பிஎம் பக்கம் ஏத்தி இறக்கி வையுங்க, கசிவு பாருங்க, ஹீட்டர முழு சூட்டுல போட்டு கூலன்ட்ல இருக்கிற காத்த எடுங்க. ஹீட்டர்ல சூடு வரலன்னா உடனே ஆஃப். தண்ணி சுத்தல, ஒண்ணு காத்து, இல்ல அந்த பம்ப் கியர்.

அன்னிக்கே வண்டிய ரோட்டுக்கு எடுங்க. ரிங் சுவர்ல உக்காரணும்னா லோடு வேணும், பொத்தி பொத்தி ஓட்டினா சுவர் வழுக்கையாகி கடைசி வரைக்கும் ஆயில் குடிக்கும். மூணாவது கியர்ல 2000ல இருந்து 4000 வரைக்கும் பாதி திராட்டில்ல ஏத்தி, பெடல விட்டு என்ஜின் பிரேக்லயே இறக்குங்க, திரும்ப திரும்ப. எம்45 கீழ் ஆர்பிஎம்லயே பூஸ்ட் குடுக்கும், லேசான பெடல்ல பைபாஸ் திறந்திருக்கறதால பூஸ்ட் வராது, அதனால பெடல்தான் உங்க கட்டுப்பாடு, பூஸ்ட் கேஜ் ஒண்ணு இருந்தா ரொம்ப உதவும். மினரல் ஆயில் போட்டு, முதல் ஓட்டம் முடிஞ்சதும் வடிங்க, திரும்ப 500 கிலோமீட்டர்ல, திரும்ப 1500ல. ஒவ்வொரு ஃபில்டரையும் வெட்டி பாருங்க.

முழு திராட்டில் குடுக்கறதுக்கு முன்னாடி வைட்பேண்ட் சென்சார் (காத்து பெட்ரோல் விகிதத்த அளக்கிறது) கட்டாயம். முழு பூஸ்ட்ல காத்து பெட்ரோல் விகிதம் 11.5ல இருந்து 12 பக்கம் இருக்கணும், 12.5 தாண்டி ஏறிட்டே போனா பெடல விட்ருங்க, அன்னிக்கு அவ்வளவுதான். கூடவே நாக் சென்சார் எவ்வளவு டைமிங் பின்னாடி இழுக்குதுன்னு லாக் எடுங்க. ஒரு சிலிண்டர்ல மட்டும் இழுத்துச்சுன்னா நாலாவது ஸ்டெப்ல எழுதின பேப்பர எடுத்து பாருங்க, அதே சிலிண்டர்னா காரணம் இன்னும் போகல.

1000 கிலோமீட்டர் தாண்டினதும் கம்ப்ரஷனும் லீக்டவுனும் திரும்ப எடுத்து எழுதி வையுங்க, பிளக்க கழட்டி பீங்கான லென்ஸ் வெச்சு பாருங்க. புள்ளி எதுவும் இல்லாம வெளிர் பழுப்பு நிறமா இருந்தா ட்யூன் பேச்ச அப்ப ஆரம்பிக்கலாம்.